கட்டைவிரலைப் பார்க்காத போர்டு

மெடிக்கல் போர்டுக்குப் போவதற்கு முதல் நாளே அம்மா சட்டைக்குக் கஞ்சி போட்டுவிட்டாள். காலையில் அயர்ன் செய்து ஹேங்கரில் மாட்டி வைத்திருந்தாள். அது என் சட்டைகூட இல்லை. ஆல்பர்ட் அண்ணனுடையது. என் சட்டைகளில் காலர் நைந்திருந்தது. என்னை உட்கார வைத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து வாரிவிட்டாள். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. எங்கள் கேஸ் கெட்டுப்போனது அந்தக் காலையில்தான். ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது.

நான் பத்தாவது பாதியில் நின்றவன். இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. இரண்டாவது போர்டு என்னைப் பார்த்து ஆறு வாரம் ஆகிறது, இன்னும் பேப்பர் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எழுதுகிறேன். வரப்போகிற பேப்பரில் இரண்டில் ஒன்று இருக்கும். ஃபிட் என்று வந்தால் பதினைந்து நாளில் பழைய கிரேனுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை போய்விடும், தொழிலாளர் இன்சூரன்ஸில் நடக்கிற வைத்தியமும் நின்றுவிடும். வேலையில் வந்த காயம் என்று எழுதியிருந்தால் வைத்தியம் தொடரும், கிரேனிடம் போக வேண்டாம்.

நானும் அண்ணனும் மாலூர் பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தோம். எங்கள் ஊர் மாரிகுப்பத்தில் விடிகாலை ரயில் ஏறுவோம். அவன் ஜன்னலோரம், நான் அவன் தோளில் சாய்ந்து தூங்குவேன். இரும்புத் தகடுகளைக் கட்டாகக் கட்டி, பெல்ட் போட்டு கிரேனில் தூக்கி, வேறு இடத்தில் அடுக்குகிற வேலை. கிரேனை இயக்க ஒரு பட்டன் பெட்டி மேலேயிருந்து ஒயரில் தொங்கும். மேல் பட்டனை அமுக்கினால் தூக்கும், கீழ் பட்டனை அமுக்கினால் இறக்கும். அந்தப் பெட்டி என் கையில் இருக்கும். தகடு உட்காருகிற இடத்தில் மரக்கட்டை வைப்பது அண்ணன் வேலை. அது நடந்த அன்றைக்குக் கட்டை கோணலாகக் கிடந்தது. கட்டு இடுப்பு உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் அதற்கு அடியில் குனிந்து கைவிட்டு மரக்கட்டையைத் திருப்பினான். பெல்ட் அறுந்துவிட்டது.

அதற்கு முந்தின அரை நிமிஷத்தைப் பற்றி இங்கே எழுத முடியவில்லை. கடைசியில் எழுதுகிறேன்.

அண்ணன் அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் வேலைக்குக் கிளம்பினேன். ரயிலில் ஏறினேன். பாதி வழியில், பங்காருப்பேட்டையில் இறங்கிவிட்டேன். பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டை அங்கிருந்த ஒரு நாய்க்குப் போட்டு, காலி டப்பாவோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் இப்படியே போனது. நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மா சந்தோஷப்பட்டாள். அந்த வாரத்தில்தான் வலது கட்டைவிரல் தானாக அமுக்க ஆரம்பித்தது. தட்டைப் பிடித்தால் தட்டை, சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தால் புத்தகத்தை. நிறுத்தினால் நெஞ்சு அடைக்கும். ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். ஹார்ட் சுத்தமாக இருக்கிறது, காற்றுப் பிடித்திருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள்.

அண்ணி, அதாவது ஆல்பர்ட்டின் மனைவி சுகுணா, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். ஒரு நாள் அவளை அழைத்துவரப் போயிருந்தேன். பக்கத்துக் கடையில் ஷட்டரைப் படீரென்று இறக்கினார்கள். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் ரோட்டில் குப்புறக் கிடக்கிறேன், தலைமேல் கை வைத்திருக்கிறேன், அண்ணி என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றி நின்றவர்கள் குடித்திருக்கிறான் என்றார்கள். "குடிக்கல, அவனுக்கு உடம்பு சரியில்ல, வழி வுடுங்க" என்று அண்ணி சொன்னாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் சொன்னது அவள்தான்.

பெங்களூரில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுரங்க ஆட்களுக்காகக் கட்டின எங்கள் லைன் வீடுகளில் கேட்டவர்களிடம் நரம்பு டாக்டர் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். டோக்கன் வாங்கி ஒரு பெரிய ஹாலில் உட்கார்ந்தோம். என் வயசு ஆட்களும் நிறையப் பேர் இருந்தார்கள், எல்லாரும் செருப்பையே பார்த்துக்கொண்டு. இரத்தம் எடுத்தார்கள், தைராய்டு இருந்தாலும் படபடப்பு வருமாம். விரல் ஆடுவது வலிப்பா என்று பார்க்க ஈஈஜி எடுத்தார்கள். தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டி, மூளையில் ஓடுகிற கரண்டைக் கோடுகளாகப் போடுகிற டெஸ்ட் அது. வலிக்காது. ஆனால் ஒயரைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. முடிந்ததும் பசை முடியில் பிசினாக ஒட்டியிருந்தது. அம்மா பாத்ரூம் குழாயடியில் என்னைக் குனிய வைத்து, ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, மூன்று தடவை அலசினாள். வலிப்பு இல்லை.

அப்புறம் ஒரு பேப்பரில் இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மார்க். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு மார்க் வாங்கியதில்லை. டாக்டர் அதற்கு ஒரு பேர் சொன்னார், பிடிஎஸ்டி. கொடுமையான ஒன்றை நேரில் பார்த்தவர்களுக்கு வருமாம். நடந்தது முடிந்துவிட்டது என்று மனசுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது, அது இன்னும் அந்த நாளிலேயே நிற்கிறது என்று விளக்கினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு வார்டில் சேர்த்தார்கள். இருபத்திரண்டு நாள்.

பக்கத்துக் கட்டிலில் முல்பாகலைச் சேர்ந்த லாரி டிரைவர் ஒருவர். வெங்கடப்பா என்று பேர். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். நான் படுக்கையில் விரலை அமுக்கிக்கொண்டே இருப்பதை இரண்டு நாள் பார்த்தார். மூணாவது நாள், "ஏம்ப்பா, ரிமோட்டு உங்கிட்டதான கீது, அந்த ஃபேன ரெண்டுல வையேன், குளுருது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அண்ணன் போன பிறகு முதல் தடவை. சிரித்துக்கொண்டே இருந்து அழுகையாகிவிட்டது. அவர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து காலையில் கண் விழித்தால், "இன்னா ஆப்பரேட்டரே, கரண்டு வந்துச்சா?" என்று கேட்பார். கேலி பண்ணுகிறவர் ஒருவர் இருந்தது நன்றாக இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் கண்ணாடி டம்ளரைத் தூக்குகிற மாதிரி என்னிடம் பேசினார்கள்.

கடை லீவு நாளில் அண்ணி முதல் ரயிலில் வருவாள். தோசையும் காரச் சட்னியும் கொண்டுவருவாள், வரும்போது தோசை ரப்பராகியிருக்கும். நான் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அவள் கேட்டுவிடக்கூடாது என்றும் நினைப்பேன்.

மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுத்தன, நாக்கை உலர்த்தின. விரல் கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை. வேலை இடத்தில் நடந்ததால் வந்த நோய், கிரேன் வேலை கொடுக்கக் கூடாது என்று எழுதி டிஸ்சார்ஜ் செய்தார்கள். அந்தப் பேப்பரை இன்சூரன்ஸ் ஆபீஸில் கொடுத்தோம். எங்கள் போர்டு பார்த்துத்தான் முடிவு சொல்லும் என்றார்கள். அப்படித்தான் அந்தக் கஞ்சி போட்ட சட்டை வந்தது.

அம்மாவைக் குறை சொல்லி எழுதவில்லை. எங்கள் அப்பா மைனிங்கில், தங்கச் சுரங்கத்தில் இருந்தவர், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். அண்டர்கிரவுண்ட் ஆட்களுக்கு அந்தக் காலத்தில் ஃபிட்னெஸ் மெடிக்கல் இருக்கும். டாக்டர் அன்ஃபிட் என்று எழுதினால் மேலே சர்ஃபேஸ் வேலைக்குத் தள்ளிவிடுவார்கள், சம்பளம் குறையும். அதனால் மெடிக்கல் அன்றைக்கு லைனில் எல்லா வீட்டிலும் சட்டைக்கு அயர்ன், ஷூவுக்கு பாலிஷ், இருமலை அடக்க வாயில் மிளகு. டாக்டர் எப்படி இருக்கிறாய் என்றால் "ஃபிட் சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டும். மைனிங் மூடியாகிவிட்டது. அம்மாவுக்கு டாக்டர் என்றால் இன்னும் அதே டாக்டர்தான்.

போர்டு ரூமுக்கு வெளியே என் காலரைச் சரிசெய்துகொண்டே அம்மா சொன்னாள். "நோவு கீவுன்னு வாயத் தொறக்காத. கைய ஆட்டிக்கினு நிக்காத, பேன்ட்டு பாக்கெட்ல வுடு. நல்லா கீறேன்னு சொல்லு."

உள்ளே மூன்று டாக்டர்கள். சாப்பிடுகிறாயா என்றார் ஒருவர். சாப்பிடுகிறேன் சார். தூக்கம்? தூங்குகிறேன் சார். எப்படி இருக்கிறாய்? நல்லா இருக்கிறேன் சார். அண்ணன் போனது கஷ்டமாக இருக்கிறதா? ஆமாம் சார். பாக்கெட்டுக்குள் விரல் தொடையை அமுக்கிக்கொண்டே இருந்தது, அன்றைக்கு அங்கே தோல் சிவந்துவிட்டது. டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, போகலாம் என்றுவிட்டார்கள். வெளியே வந்ததும், மரியாதையாகப் பேசினாயா என்று அம்மா கேட்டாள். பேசினேன் என்றேன். பரீட்சை நன்றாக எழுதிய மாதிரி இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

தபாலில் வந்த பேப்பர் இங்கிலீஷில் இருந்தது. ஆண்டர்சன்பேட்டைக்காரர் ஒருவர் பெங்களூர் ஹைகோர்ட்டில் வக்கீலாக இருக்கிறார், ஷீலா அக்கா. அவர்தான் வீட்டுக்கு வந்து தமிழில் படித்துச் சொன்னார். சுத்தமாக உடுத்தியிருக்கிறார். தெளிவாகப் பதில் சொல்கிறார். தூக்கமும் சாப்பாடும் சரியாக இருப்பதாகச் சொல்கிறார். அண்ணன் இறந்த துக்கம் இருக்கிறது, அது எல்லாருக்கும் வருவது. வேலையால் வந்த மனக்காயம் இல்லை. ஃபிட்.

முதல் வரியைப் படித்ததுமே அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அயர்ன் பாக்ஸைத் துணியில் சுற்றி கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற சத்தம் கேட்டது. ரொம்ப மாதம் அதை எடுக்கவே இல்லை. அண்ணி கடைக்குக் கசங்கின புடவையில்தான் போனாள்.

எனக்குக் குத்தியது துக்கம் என்கிற வரிதான். கிரேனடியில் செத்தவன் வேறு யாராவதாக இருந்திருந்தால் எனக்கு வந்தது காயம். செத்தவன் என் அண்ணன் என்பதால் அது வெறும் துக்கம், வீட்டு விஷயம். அப்பீல் போட்டோம், கேஸ் முடியும்வரை கிரேனிடம் போக வேண்டாம், வைத்தியமும் நிற்காது என்று அக்கா சொன்னார். அப்பீலிலும் அதையே எழுதி அனுப்பினார்கள். கடைசியாக ஷீலா அக்கா ஹைகோர்ட்டில் ரிட் போட்டார்.

ரிட் என்றால் என்ன என்று இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். அக்கா சொன்னது எனக்குப் புரிந்த வரை இதுதான். "ஜட்ஜு உனக்கு நோய் கீதா இல்லையான்னு பாக்க மாட்டாரு ராபின். அது டாக்டருங்க வேல. உன்னப் பாத்தவங்க ஒழுங்கா பாத்தாங்களா, எல்லா பேப்பரும் படிச்சாங்களா, ஏன் இப்படி முடிவு பண்ணோம்னு காரணம் எழுதுனாங்களா, அது மட்டுந்தான் பாப்பாரு." நான் கோர்ட்டில் கையைக் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம், அங்கே உன்னை ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்றார்.

அப்படியேதான் நடந்தது. தேதி தள்ளித் தள்ளி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஒவ்வொரு தடவையும் நானும் அம்மாவும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். போர்டில் காட்ட வேண்டிய இடத்தில் விரலைப் பாக்கெட்டில் வைத்திருந்தேன். இங்கே மடிமேல் வைத்துக்கொண்டு அமுக்கினேன், பார்க்க ஆள் இல்லை. பேசினதெல்லாம் இங்கிலீஷ், நடுநடுவே கன்னடம். என் பேர் ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை, பெட்டிஷனர், அதாவது மனுதாரர், என்றே சொன்னார்கள். எங்கள் கேஸ் பத்து நிமிஷம் ஓடிய நாளில் ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி எதிர்த்தரப்பு வக்கீலிடம் ஏதோ கேட்டார். அவர் பேப்பரைப் புரட்டினார். வெளியே வந்து அக்கா சொன்னார். "பக்கத்துல நின்னவன் யாரோன்னா அது காயம், தம்பின்னா துக்கமான்னு கேட்டாரு."

நான் வீட்டில் புலம்பியதை, என்னைப் பார்க்காத ஒருவர் அங்கே கேட்டார். அன்றைக்கு ரயிலில் கொஞ்சம் சாப்பிட்டேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் என்று அக்கா போன் செய்ததும் அம்மா லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். கேக் வாங்கி வீட்டுக்கு வீடு கொடுத்தாள். சாயங்காலம் அக்கா வந்து முழுவதையும் விளக்கினார். மூன்று டாக்டர்களில் ஒருவர்கூட மனநல டாக்டர் இல்லை. இருபத்திரண்டு நாள் வார்டு பேப்பரை அவர்கள் தொடவில்லை. துக்கம் என்று எழுதியதற்குக் காரணம் இல்லை. அதனால் அந்த முடிவை ரத்து செய்து, புது போர்டு புதிதாகப் பார்க்க வேண்டும் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. எனக்குக் காயம் என்று கோர்ட் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அம்மா கேக் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஜெயிச்சவனுக்கு எதுக்கு மறுபடியும் பரீட்ச?" என்று கேட்டாள்.

இதற்குள் எனக்குக் கொஞ்சம் தேறியிருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் மோசம். சில நாள் விரல் மதியம்வரை சும்மா இருக்கும். சும்மா இருந்தால் பயமாக இருக்கும், போர்டு அன்றைக்கும் சும்மா இருந்துவிட்டால்? நோய் குணமாக மாத்திரை போட்டுக்கொண்டே, குணமாகிவிடக் கூடாதே என்று ஜெபம் பண்ணினேன். இதை ஃபாதரிடம்கூடச் சொல்லவில்லை.

புது போர்டுக்கு எப்படிப் போவது என்று அக்காவைக் கேட்டோம். எப்படி இருக்கிறாயோ அப்படியே போ என்றார். எங்கள் வீட்டில் அது ஒருவருக்கும் விளங்கவில்லை. போர்டு அன்றைக்குக் காலையில் அம்மா அயர்ன் பாக்ஸை வெளியே எடுத்து, என் சட்டையை விரித்து, முன்பக்கத்தைத் தேய்த்துவிட்டு நிறுத்தினாள். "சொல்றா. பண்ணட்டா, வேணாமா?" தெரியலம்மா என்றேன். பின்பக்கம் கசங்கின சட்டையோடு போனேன்.

இந்த முறை கூட ஒருவர் உள்ளே வரலாம் என்றார்கள். அம்மா எழுந்தாள், உடனே உட்கார்ந்துவிட்டாள். "நான் வேணாம். நான் வந்தா கெடும். சுகுணா, நீ போ." அண்ணி என் பின்னால் வந்து சுவரோரம் நின்றாள்.

நடுவில் ஒரு பெண் டாக்டர், மனநல டாக்டர் அவர்தான். முன்னால் வார்டு பேப்பர் கட்டு விரித்து இருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். அவ்வளவு நாள் யோசித்து வைத்ததெல்லாம் போய், என் வாய் தானாக, "நல்லா இருக்கேன் மேடம்" என்றது. கை பாக்கெட்டில் இருந்தது. அவர் எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என் பாக்கெட்டைப் பார்த்தார். நான் கையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அது அமுக்கிக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு அமுக்குது?" என்று கேட்டார்.

முன்னால் எழுத முடியாமல் விட்ட அரை நிமிஷம் இதுதான். அண்ணன் குனிவதற்கு முன்னால், கொஞ்சம் தூக்குடா என்று சொன்னான். நான் ஒரு பட்டனை அமுக்கினேன். மேல் பட்டனா, கீழ் பட்டனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. பெல்ட் பழசு, அதனால்தான் அறுந்தது, பட்டனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று விசாரணையில் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். நான் தூக்கினேனா இறக்கினேனா என்று எனக்கு வேண்டும்.

"எதை அமுக்குனேன்னு தெரில மேடம். அதத்தான் அது தேடுது."

பின்னால் அண்ணி நிற்கிறாள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. டாக்டர் என்னைத் தாண்டி அவளைப் பார்த்து, இது உங்களுக்குத் தெரியுமா என்று கன்னடத்தில் கேட்டார். "கொத்தில்லா மேடம்" என்றாள். தெரியாது என்று. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. டாக்டர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். நிறைய எழுதினார். என்ன எழுதினார் என்று தலைகீழாகப் படிக்க எனக்கு இங்கிலீஷ் வராது.

வெளியே, இன்னா கேட்டாங்க என்று அம்மா எழுந்து வந்தாள். "புதுசா ஒண்ணும் கேக்கல அத்த" என்று அண்ணி சொன்னாள்.

சாயங்கால ரயிலில் கூட்டம். எதிர் சீட்டில் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அண்ணி ஜன்னலோரம், நான் பக்கத்தில். கேஸுக்காகச் சொன்னேனா, எப்படியோ ஒரு நாள் சொல்ல வேண்டியதைச் சொன்னேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை, எதற்கு என்று சொல்லிக் கேட்பது? மாலூர் வந்தது, போனது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. விரல் டிபன் பையை அமுக்கிக்கொண்டிருந்தது, பைக்குள் டப்பா டக் டக்கென்று சத்தம் போட்டது.

அண்ணி பையை எடுத்துக் கீழே வைத்தாள். என் கட்டைவிரலுக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"மேல பட்டன் எது, கீழ பட்டன் எது, காட்டு" என்றாள்.

அவள் கையில் இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "ரெண்டையும் அமுக்கு தம்பி. எத அமுக்குனாலும் பெல்ட்டு அறுந்துடுது பாரு."

நான் அமுக்கினேன். விரல் நிற்கவில்லை. பங்காருப்பேட்டையில் வண்டி ரொம்ப நேரம் நின்றது, அப்புறம் கோரமண்டல், ஊரிகம் ஸ்டேஷன்கள். மாரிகுப்பத்தில் எல்லாரும் இறங்குகிறவரை அண்ணி கையை எடுக்கவில்லை.